தரையில் காது வைத்த பிள்ளை

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுதினால் நீங்கள் பிழையைத்தான் எண்ணுவீர்கள். பரவாயில்லை, எண்ணுங்கள்.

போன ஐப்பசி மழையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கவுன்சிலிங் மிஸ்ஸை என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு வழிகாட்டுவது அவர் வேலை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை பின்வரிசையில் உட்கார மாட்டேன் என்கிறாளாம். திடீரென்று தரையில் காதை வைத்துப் படுத்து, "கீழ யாரோ நடக்கிறாங்க" என்கிறாளாம். மற்றப் பிள்ளைகளும் மிரண்டு போயிருந்தார்கள்.

வாசலிலேயே அவள் அப்பா மறித்தார். "பேய்தாங்க மிஸ். கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போறேன். இனிமே ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்."

"பேய் மூணாம் வகுப்புதான் படிச்சிருக்கு போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மிஸ் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வகுப்புக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிய சேலையோடு அந்தச் சீமெந்துத் தரையில் கிடந்த பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக் காதை வைத்தார். வெகுநேரம் எழும்பவே இல்லை.

"தம்பி, நீங்களும் வந்து கேளுங்க."

"எனக்குப் பேய்ப் பாஷை தெரியாது மிஸ்" என்று இளித்துக்கொண்டே படுத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் அடியாழத்தில் ஏதோ உருண்டது. நின்றது. மறுபடி, கொஞ்சம் தள்ளி. இருட்டில் யாரோ வழி தேடி நடக்கிற மாதிரி. பிள்ளை என் முகத்துக்கு நேரே படுத்தபடி கண் சிமிட்டாமல் பார்த்தாள்.

"கேக்குதா மாமா?"

தலையை ஆட்டினேன்.

"மண்ணுக்குள்ள தண்ணி ஓடுது. கல்லு உருளுது. பிள்ளைகள வெளிய கொண்டு போங்க" என்றார் மிஸ். பள்ளிக்கூட அதிபர் தயங்கினார். அந்த அப்பா குனிந்து காதை வைத்துப் பார்த்தார். எழும்பியவர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே இறக்க ஆரம்பித்தார். எல்லாரையும் கோயில் மண்டபத்தில் சேர்த்தோம். மறுநாள் பின்வரிசை இருந்த இடத்தில் மலையிலிருந்து சரிந்த சேறுதான் இருந்தது.

அவள் இப்போதும் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு பிள்ளைகள் எதைச் சொன்னாலும் கேலி பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டில் சத்தம் அடங்கினால் எங்கள் லயத்து வரிசை வீட்டுத் தரைக்குக் கீழும் அதே உருளல் கேட்கிறது. பக்கத்து வீட்டுக் கூட்டாளியிடம் கேட்டேன்: "ஒனக்கும் கேக்குதாடா?"

"கேக்குது மச்சான், அதனாலதான் எங்க வீட்டுல எந்நேரமும் பாட்டு ஓடுது."