பெற்றவள் கேட்டாலும் கொடுக்காதே

போன கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் மேட்டை வெட்டினார்கள். வெட்டிய பச்சை மண்ணின் வாசனை குசினிக்குள் வந்ததுதான் தெரியும். உலையை அப்படியே விட்டுவிட்டு, கறிவேப்பிலை கேட்க வந்து நின்ற அடுத்த வீட்டு ரிஸ்வானைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன். ரிஸ்வானுக்கு ஒன்பது வயது. அவன் கால் தரையில் இழுபட இழுபட நான் ஓடியதைப் பண்டாரவளைச் சனம் நின்று பார்த்தது. அவன் தாய் இன்னும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மண்வாசனை என்று உருகுகிறவர்கள் உருகட்டும், எனக்கு அந்த வாசனை வந்தால் பிள்ளை எங்கே என்று கை தேடுகிறது.

எழுபதுகளின் நடுவில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளையும் தத்தி நடக்கும் பிள்ளைகளையும் விட்டுப்போகும் தகரக் கூரை அறை அது. ஒவ்வொரு தொட்டிலும் ஒவ்வொரு தாயின் பழைய சேலை. புளித்த பால், மூத்திரம், வேப்பெண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை. கண்ணைக் கட்டிவிட்டாலும் முகர்ந்தே யார் பிள்ளை என்று சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேன். இருபது வயது, வாய் கொஞ்சம் நீளம்.

அங்கே ஒரே சட்டம். பிள்ளையைப் பெற்றவள் கையில்தான் கொடுக்க வேண்டும், அவள் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்க வேண்டும். ஒருநாள் ராக்கு அக்காவின் மகன் ராசுவை, அவனுடைய அத்தை கேட்டாள் என்று கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது எனக்கு எப்படித் தெரியும்? "எம்புள்ளய எவ கேட்டாலும் தூக்கிக் குடுத்துருவியாடி?" என்று ராக்கு அக்கா விட்ட அறையில் காது இரண்டு நாள் இரைந்தது. அதோடு என் வாய் அடங்கிவிட்டது. அடங்கியிருக்கக் கூடாது.

அந்த ஐப்பசியில் மூன்று நாளாக விடாத மழை. பிள்ளைக் காம்பரா ஆற்றோரத்தில். பலகைப் பாலத்தைத் தாண்டினால் எதிர்க்கரையில் லயங்கள், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள். காம்பராவுக்குப் பின்னால் மலை ஏறினால் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. காலை பத்து மணிக்கு மலையிலிருந்து பெண்களை இறங்கச் சொல்லிவிட்டார்கள். முதலில் வந்தவள் ராக்கு அக்கா, காலெல்லாம் அட்டைக்கடி ரத்தம்.

"குடு புள்ள, லயத்துக்குப் போயிர்றேன்."

மழை என்றால் வீட்டுக்கு ஓடுவதுதான் எங்கள் வழக்கம். வீடுதான் முதலில் போகும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியது. ஆற்றுக்குள் பாறைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உருளும் சத்தம் கேட்டது. 'கொஞ்சம் நில்லுங்க அக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன், அறை நினைவுக்கு வந்தது. தொட்டிலை அவிழ்த்து ராசுவைக் கொடுத்தேன். அரை பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினான்.

அவள் பாலத்தைக் கடந்து முடிக்கும் நேரம் மேலே மலை பிளந்தது. மரம், கல், தேயிலைச் செடி எல்லாம் கலந்த சேறு, வீட்டு உயரத்துக்கு வந்து பாலத்தை அடித்துப்போனது. கண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன், ராக்கு அக்கா ஒரு கொய்யா மரத்தில் தொங்குகிறாள். ஒரு கை மரத்தில், மறு கை வெறுங்கை.

இழுக்கப்போன ஆட்களின் கையைக் கடித்துக் குதறிவிட்டு மறுபடி ஆற்றில் பாய்ந்தாளாம். லயத்துத் தூணில் கட்டிப்போட்டார்களாம். நான் அதைப் பார்க்கவில்லை, காம்பராவுக்குள் தண்ணீர் முழங்கால் அளவு வந்துவிட்டது. என்னோடு வேலை செய்த ஞானமும் நானும் தாழ்வாரத்தில் கிடந்த கொழுந்துக் கூடைகளில் பிள்ளைகளை இரண்டிரண்டாகத் திணித்து, கயிற்றைத் தலையில் மாட்டி, நடக்கத் தெரிந்தவர்களை முந்தானையில் கட்டி இழுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஏறினோம். ஏறினோம் என்றா சொன்னேன்? நாலு காலில் தவழ்ந்தோம். கவாத்து வெட்டிய குச்சிகள் முகத்தைக் கிழித்தன. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் காம்பராவின் கூரை மிதந்து போகிறது. பின்னால் வந்த தாய்மாருக்கு அதுதானே தெரிந்திருக்கும்? பிள்ளைகளும் ஆற்றோடு போய்விட்டார்கள் என்று எண்ணி, ஸ்டோருக்குள்ளே அவர்களைக் காணும்வரை வாசலில் நின்ற எங்களைக் கல்லால் அடித்தார்கள். பதினொரு பிள்ளை கொண்டுவந்தோம். பன்னிரண்டாவதை நான் என் கையால் கொடுத்திருந்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. புதுக் காம்பராவை ஸ்டோருக்குப் பக்கத்தில் கட்டவைத்தோம். சுவரில் ஆறு ஆணி, ஆறு கூடை, ஒவ்வொன்றிலும் கம்பளித் துண்டு. வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடித்தால் லயத்துக் கிழடு கட்டைகள் உட்பட எல்லோரும் மேலே வரவேண்டும், ஒருவரும் கீழே இறங்கக் கூடாது, பெற்றவளே கேட்டாலும் பிள்ளை கிடையாது. நல்ல வெயிலில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். "வேல வெட்டி இல்லாத பொம்பளைங்க" என்றார் கங்காணி. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியதும் அவருக்குத்தான்.

அடுத்த வருஷ மழையில் தண்டவாளத்தை அடித்தேன். வந்த தாய்மார் கதவை உடைக்காத குறை. பிள்ளையைக் கொடு என்று ஒருத்தி என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள், இன்னொருத்தி வயிற்றில் உதைத்தாள். எனக்கும் தைரியம் போய்க் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அப்போது கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ராக்கு அக்கா வந்தாள். ஒரு வருஷமாக என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காதவள். புருஷனின் கவாத்துக் கத்தியோடு வாசலில் திரும்பி நின்றாள்.

"எவ உள்ள வந்தாலும் வெட்டிப்புடுவேன். புள்ள உசுரோட வேணும்னா இங்கனயே குந்துங்கடி!"

மீறிக் கை நீட்டியவளுக்கு உள்ளங்கை கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மத்தியானம் கீழ்லயத்தில் ஆறு வீடு மண்ணுக்குள் போனது. உள்ளே ஒரு ஆடு மட்டும்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ராக்கு அக்கா குடும்பத்தை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பும் அரசாங்கக் கடுதாசி வந்தது. பண்டாரவளை ஸ்டேஷனில் போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கட்டிப்பிடித்து ஓலமிட்டார்கள். நான் ஜன்னலோரம் போய் "அக்கா" என்றேன்.

"அன்னைக்கு நீ குடுக்காம இருந்திருக்கலாம்ல புள்ள?" என்றாள். கோபமே இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

கூடைகள் போய்விட்டன. அவர்களைத் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றிப்போன கப்பலும் நின்றுவிட்டது. ஞானம் செத்துப்போனாள். இப்போது மழை வருமுன்னே தொலைபேசியில் எச்சரிக்கை வருகிறது, நல்லதுதான். ராக்கு அக்கா அங்கே எந்த ஊரில் இறங்கினாள், இருக்கிறாளா என்று சொல்ல இங்கே ஒருவரும் மிச்சமில்லை. அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆமாங்க அக்கா, குடுக்காமத்தான் இருந்திருக்கணும்.