ஆம்பூரில் மஞ்சள் பைக்குள் போன பொட்டுத்தாலி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஆம்பூர் போய் வந்தேன். பிரியாணிக்காகவா என்று கேட்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தது அங்கே ஒரு சின்ன மருத்துவமனையில்தான். இப்போது சென்னையில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மருத்துவக் கழிவை ஒழுங்காகப் பிரிக்கிற ஓர் இடத்தை நேரில் காட்டுங்கள் என்று அவர்கள் நச்சரிக்க, முதலில் நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பழைய தோழி ஸ்டெல்லாதான் அங்கே இப்போது தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பு.

முதல் நாளே வேலூர் போய்த் தங்கி, காலை ஏழு மணிக்கு பஸ் பிடித்தேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். மாதனூர் தாண்டியதும் தோல் தொழிற்சாலைகளின் வாடை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கர்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ ஸ்டெல்லாவும் நானுமாக நாங்கள் நாலு நர்ஸ்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே குடையில் டூட்டிக்கு ஓடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்த வாடைக்கு ஏங்குகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

மருத்துவமனைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அந்தக் காலத்தில் ஒரு குழி இருந்தது. பஞ்சு, ஊசி, டியூப் எல்லாம் ஒரே வாளியில் போய் அங்கே எரியும். பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடிப்போம். இப்போது அங்கே பூட்டுப் போட்ட அறை. ரத்தம் பட்ட பஞ்சு, துணிக்கு மஞ்சள் பை. பிளாஸ்டிக் டியூபுக்குச் சிவப்பு. கண்ணாடிக்கு நீலம். ஊசிக்கு வெள்ளை டப்பா. மத்தியானம் வண்டி வந்து எடுத்துப் போகும்.

நான் போனபோது ஸ்டெல்லா என்னைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் நின்றிருந்தாள். விடியற்காலையில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். அவசர ஆபரேஷன். கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை வெட்டித்தான் எடுக்க முடிந்திருக்கிறது. வழக்கமாக உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். கணவர் ரத்தம் வாங்க ஓடியிருந்ததால், பிரியா என்கிற இளம் நர்ஸ் அதைத் தட்டில் வைத்தாள். பிறகு ரத்தத்தில் ஊறிய பஞ்சோடு பஞ்சாக அவளே அதையும் மஞ்சள் பையில் கொட்டிக் கட்டிவிட்டாள்.

தாயும் பிள்ளையும் நலம். ஆனால் கண் விழித்தவள் தாலியைக் கேட்டு அழுகிறாள். அதில் கோத்திருந்த தங்கப் பொட்டு, செத்துப்போன அவள் அம்மாவின் கம்மலை உருக்கிச் செய்தது. கணவர் ஸ்டெல்லாவிடம் கெஞ்சினார்.

"புதுசு வாங்கித் தர்றேன்னா கேக்க மாட்றா சிஸ்டர். அவங்கம்மாவோடதுன்னு அது ஒண்ணுதான் மிச்சம்."

கட்டிய பையைத் திறக்கக்கூடாது. உள்ளே ஓர் ஊசி கிடந்தால் போதும், திறக்கிறவர் கதி என்ன ஆகுமோ தெரியாது. மத்தியானம் வண்டி வந்தால் பையும் போய்விடும். பெரிய டாக்டர், முடிவை ஸ்டெல்லாவே எடுக்கட்டும் என்றுவிட்டார். அவள் பிரியாவைக் கூப்பிட்டாள்.

"இன்னா சொல்ற, இதுல ஊசி எதுனா போட்டியா?"

"இல்ல சிஸ்டர். ஊசியெல்லாம் அப்பப்ப வெள்ளை டப்பாவுல போட்டுட்டேன். நானே தெறக்கறேன்."

ஸ்டெல்லா அவளைத் திறக்க விடவில்லை. தடித்த கையுறை, முகத்துக்கு மறைப்பு எல்லாம் போட்டுக்கொண்டு, பையை அகலத் தட்டில் கொட்டி, நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் வாசலில் நின்றேன். பஞ்சும் துணியும் மட்டுமே வந்தன. ஊசி ஒன்றுகூட இல்லை. அடியில் கயிறு, அதில் பொட்டு.

கயிறு மறுபடி மஞ்சள் பைக்கே போனது. பொட்டை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொடுத்தார்கள். கணவர் வாசலில் இருந்த கடையில் புதுக் கயிறு வாங்கி வந்து, வார்டிலேயே கட்டினார். பிரியா குழந்தையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நீங்கள் போவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வண்டி மத்தியானம் வருவதால் காலை பத்துக்குள் போய்விடுங்கள். மூடிய செருப்பு போடுங்கள். எதையும் தொடாதீர்கள், நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். பிரியாணியை வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "பயந்தான். பிரியா மேல நம்பிக்கை இல்லன்னா தொட்டே இருக்க மாட்டேன்டி" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் நாலு பேர் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருத்திக்காக ஒருத்தி உயிரையே கொடுத்திருப்போம். ஆனால் பஞ்சையும் ஊசியையும் ஒரே வாளியில் போட்ட எங்களில் ஒருத்தி கட்டிய பையை இன்னொருத்தி நம்பித் திறந்திருக்க முடியாது.