அமுதவல்லியின் சிவப்புப் பேனா

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிலாளர் விடுதியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலேரியாக் கொசுவின் புழுக்கள் நீர்ப்பரப்பில் படுத்தவாக்கில் மிதந்தன. அப்போதுதான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் போன் செய்தார். “லேப் மேடம் நேத்து காலையில தவறிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக். சாயந்திரமே எடுத்துட்டோம். நீங்க ஊர்ல கல்யாணத்துல இருந்தீங்க, அதான் சொல்லல.” சனிக்கிழமை மாலை மேடத்திடமிருந்து வந்த அழைப்பு ஒன்று என் போனில் எடுக்கப்படாமல் கிடந்தது. திங்கட்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

எங்கள் லேப் டெக்னீஷியன் அமுதவல்லி மேடத்தை அறிந்த உங்களுக்கு எங்கள் வேலை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சுகாதார ஆய்வாளர். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிக் கொண்டுவருவேன். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியா இருக்கிறதா, இருந்தால் எந்த வகைக் கிருமி என்று அவர் சொல்வார். ஒரு ஸ்லைடுக்கு நூறு இடமாவது நகர்த்திப் பார்ப்பார். மூன்றாவது இடத்திலேயே கிருமி கிடைத்தாலும் நூறு முடியாமல் வாய் திறக்க மாட்டார். பொறுமையில்லாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன், “மேடம், பாக்குறது ரத்தமா, ஜாதகமா?”

“ஜாதகமா இருந்தா ரெண்டு நிமிசத்துல பொய் சொல்லி அனுப்பிச்சிருப்பேன் சார்,” என்றார், கண்ணை எடுக்காமலே.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணமான சம்பவம், நான் வந்த புதிதில் நடந்தது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத்தில் ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர் ஒருவருக்குக் காய்ச்சல். நான் போனில் அவசரப்படுத்தியதால், ஸ்லைடைப் பாதி பார்த்ததுமே வைவாக்ஸ் வகைக் கிருமி என்று மேடம் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் பெரும்பாலும் அதுதான். அதற்குரிய மாத்திரையைக் கொடுத்து அவரை பஸ்ஸில் வேலைக்கு அனுப்பிவிட்டேன். இருபது நிமிடம் கழித்து மறுபடி போன். “சார், அந்த வெல்டரு எங்க கீறாரு? பஸ்ஸ நிறுத்துங்க. உள்ள இன்னொண்ணும் கீது!” ஃபால்சிபாரம். மூளை வரைக்கும் போய் ஆளைக் கொல்லக்கூடியது. பைக்கில் துரத்திப் போய் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸை மறித்தபோது, மனிதர் தன் பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்து பிழைத்தார். தவறு என் அவசரத்தால் நேர்ந்தது. பழியை மேடம் தன்மேல் போட்டுக்கொண்டார். “ஒண்ணு கெடச்சதும் தேடறத வுட்டுட்டேன் பாருங்க,” என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய பதிவேட்டில் வைவாக்ஸ் நீலத்தில், ஃபால்சிபாரம் சிவப்பில். பக்கம் பக்கமாக நீலமாகவே இருக்கும். எப்போதாவது ஒரு சிவப்பு வரி. அந்த வரியில், நோயாளி எங்கே போய் வந்தார் என்று எழுதும் பயணக் கட்டத்தில் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் என்று ஏதாவது ஒரு காட்டுப்பக்கத்து ஊர் இருக்கும். ஊர்ப் பெயர் கிடைக்காமல் பதிவேட்டை மூட மாட்டார். என்னைத் திரும்ப விடுதிக்கே துரத்துவார். சிவப்புப் பேனாவை மட்டும் இழுப்பறையில் தனியாக வைத்திருப்பார். “இது எழுதாம கெடந்து காஞ்சிப் போவணும் சார். அதான் எனக்கு இன்கிரிமென்ட்,” என்பார்.

ஒரு மாதாந்திரக் கூட்டத்தில், வைவாக்ஸ்தானே, பயமில்லை என்று அதிகாரி ஒருவர் பேசினார். மேடம் எழுந்துவிட்டார். “வைவாக்ஸும் லேசுப்பட்டது இல்ல சார், ஈரல்ல ஒளிஞ்சிக்கினு மாசக்கணக்கு கழிச்சி திரும்ப வரும். ஆப்பிரிக்காவுல பெரும்பாலும் ஃபால்சிபாரம்னு படிக்கிறோம். இங்க அது கம்மியா கீதுன்னா, அது நம்ம சாமர்த்தியம் இல்ல. இன்னும் ரயில்ல வந்துகினு கீது, அவ்ளோதான். கொசுவும் இங்க கீது, தொட்டியும் தொறந்து கீது. ஒருநாள் டிக்கெட் இல்லாம இங்கியே பொறக்கும்.” கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மருந்தாளுநரும் நானும் அவருடைய மேசையைத் திறந்தோம். பதிவேட்டின் கடைசி வரி, அந்தச் சனிக்கிழமை மாலை எழுதியது, சிவப்பில் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை விடுதி வாசலில் இட்லிக் கடை போடும் பெண்மணியின் பெயர். ஓரத்தில் சின்னதாக ஒரு வாழைப்பழம் வரைந்திருந்தார். ஃபால்சிபாரம் உடம்பில் பத்து நாளாவது தங்கி, கொசு குடித்தால் அடுத்தவருக்குப் பரவும் நிலைக்கு வந்துவிட்டால், ஸ்லைடில் அந்த வடிவத்தில்தான் தெரியும். பயணக் கட்டத்தில் ஊர் இல்லை. கேள்விக்குறி மட்டும்.

அன்றே மருத்துவரிடம் சொல்லி அந்தப் பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார் மேடம். அதன் பிறகுதான் என்னை அழைத்திருக்கிறார், அந்தக் கேள்விக்குறிக்காக. நான் எடுக்கவில்லை. அதற்காக என்னை நானே மன்னிக்க இன்னும் முடியவில்லை.

இட்லிக் கடைக்குப் போனேன். அந்த அம்மா தேறி, அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“காய்ச்சலுக்கு முன்னாடி எந்த ஊருக்காவது போனீங்களாம்மா?”

“நான் எங்க சார் போவேன்? வூடு, கடை, வூடு. சிங்கப்பெருமாள் கோவிலுக்கே போயி ரெண்டு வருசம் ஆவுது.”

“சொந்தக்காரங்க யாராச்சும் வெளியூர்லேருந்து?”

“ஒருத்தரும் வர்ல. ஏன் சார், திரும்ப வந்துடுமா?”

தலைக்கு மேலே பார்த்தேன். விடுதி மாடியில் அதே தொட்டி. மூடி கழன்று கிடந்தது. திங்கட்கிழமை போன் வந்த குழப்பத்தில் நான் போடாமல் வந்த மூடி.

அன்று பிற்பகலே அந்தத் தெரு முழுக்க ரத்தம் எடுத்தேன். எங்கள் லேபில் இன்னும் ஆள் போடவில்லை. ஸ்லைடுகள் பக்கத்து நிலையத்துக்குப் போகின்றன. போனில் முடிவு சொல்பவரிடம், “நூறு இடமும் பாத்தீங்களா?” என்று கேட்கிறேன். அவருக்கு எரிச்சல் வருகிறது. பரவாயில்லை, எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுதான். மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியையும், யாரையும் கேட்காமல் இழுப்பறையிலிருந்து எடுத்த சிவப்புப் பேனாவையும்தான்.

நேற்று முடிவு வந்தது, ஃபால்சிபாரம். இட்லிக் கடைக்கு அடுத்த வீட்டுப் பெரியவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாக வாசற்படி தாண்டாதவர். பயணக் கட்டத்தில் ‘எங்கும் போகவில்லை’ என்று எழுத வேண்டியிருந்தது. மை வராது, வரக்கூடாது என்று நினைத்துத்தான் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். முதல் இழுப்பிலேயே எழுதியது.