பொறந்த வீட்டுக் கோடி

எங்கம்மா சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கினு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "உங்க மாமன் கொண்டார்ற துணி என் மேல படக் கூடாது. பாத்துக்கோ." சரிம்மான்னு தலையாட்டினேன். தலையாட்டிட்டேனே தவிர, எங்க ஜனத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?

எங்க பக்கம் கட்டிக்கொடுத்த பொண்ணு செத்தா, பொறந்த வீட்டுலேர்ந்து புதுப்புடவை வந்து மேல போத்தாம எடுக்க மாட்டாங்க. கோடின்னு அதுக்குப் பேரு. நாங்க இருக்கறது விழுப்புரம். அம்மா பொறந்தது திண்டிவனம். அங்க மிச்சம் இருக்கறது அவங்க அண்ணன் ஒருத்தர்தான். தன்னைப் பெத்தவ செத்தப்பவே, எல்லாம் முடிச்சுக் குளிச்சிட்டு வந்து தங்கச்சிக்குப் போன் பண்ணின மகானுபாவர். முன்னாடியே வந்தா பங்கு கேட்டுடுவாளாம். அம்மா ஒரு வருஷம் படுத்துக் கெடந்தப்ப, விழுப்புரம் பஸ் ஏறினா தலை சுத்துதுன்னார். வானூர்ல கொழுந்தியா வீட்டுக்கு வாராவாரம் போறப்ப மட்டும் சுத்தல. இப்ப எழுதும்போதும் எனக்குப் பத்திக்கினு வருது.

சாவு அன்னைக்கு அவர் கார்ல வந்து தெருமுனையிலேயே நின்னுட்டார். மேளம் வந்து அழைச்சாத்தான் எறங்குவாராம். மேளக்காரங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க. அரை மணி நேரம் ஏசியில உக்காந்து துக்கம் அனுசரிச்சார். இந்தப் பக்கம் சித்தப்பா, எங்கப்பாவோட தம்பி, ஐஸ் பெட்டி மேல டீ கப்பை வச்சிட்டு, "மணி ரெண்டாவுது, ஜல்தியா எடுங்கப்பா, மேளத்துக்கு நாலு மணிக்கு வேற சாவு இருக்குதாம்"னு கத்திக்கினு இருந்தார்.

ஒருவழியா மேளத்தோட மாமா வந்தார். பின்னாடி தாம்பாளத்துல புடவையோட அத்தை. பெட்டியைத் திறந்தாங்க. நான் குறுக்க நின்னேன்.

"இந்தத் துணி வேணாம். அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அவ்ளோதான். "பைத்தியமாடி உனக்கு? கோடி போடாம எடுத்தா தெருவே காறித் துப்பும்"னு சித்தப்பா குதிச்சார். "என் தங்கச்சிக்கு நான் போடறதைத் தடுக்க நீ யாரு?"ன்னு மாமா துண்டை உதறிக்கினு எகிறினார். யாரோ வீசின பிளாஸ்டிக் சேர் மாலைங்க மேல விழுந்து கால் ஒடைஞ்சுது. துபாய்ல இருக்கற என் தம்பி வீடியோ கால்ல அழுதுக்கினு இருந்தான். போனை எவனோ சண்டை பக்கம் திருப்பிட்டான். அவனும் அங்கேர்ந்து கெட்ட வார்த்தையில ஆரம்பிச்சுட்டான்.

அத்தை மட்டும் காரியத்துல கண்ணா இருந்தாங்க. "நகருடி"ன்னு என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் புடவையைப் பிரிச்சாங்க. நான் ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன். மடிப்புக்குள்ளேர்ந்து ஒரு துண்டுச் சீட்டு என் கால்கிட்ட விழுந்தது.

குனிஞ்சு எடுத்தேன். அம்மா கையெழுத்து. 'திண்டிவனம் அண்ணிக்கு.'

பச்சைப் புடவை, மாம்பழ பார்டர். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. என் கல்யாணத்துல சொந்தக்காரங்களுக்கு வச்சுக் குடுக்க அம்மா எடுத்த புடவைங்கள்ல ஒண்ணு. ஆள் மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்குள்ளயும் சீட்டு எழுதி வச்சாங்க. அத்தை அதைப் பிரிச்சுக்கூட பாக்காம பீரோவுல போட்டு, இப்ப அப்படியே தூக்கிக்கினு வந்திருக்காங்க. எனக்கு அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது.

சீட்டை உள்ளங்கையில மடக்கிக்கினேன். "போடுங்க"ன்னேன். நானே முந்தியை இழுத்துக் கழுத்து வரைக்கும் போத்தினேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டேம்மா. உன் அண்ணன் துணி எதுவும் உன் மேல படல. நீ எடுத்த புடவையிலதான் நீ போற.

எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப, மாமா கார் கதவைப் பிடிச்சுக்கினு நாலு பேர் கேக்க ஆரம்பிச்சார். "என்னைத் தடுத்தியே! பொறந்த வீடு என்னா கொறை வச்சுது, சொல்லு?"

சீட்டை அவர் கையில வச்சேன். கண்ணாடி எடுத்துக்கினு வரல போல. தூர வச்சுப் பாத்தார், கிட்ட வச்சுப் பாத்தார், அத்தைகிட்ட நீட்டினார்.

அத்தை படிச்சாங்க. முகம் வெளுத்துப் போய் காருக்குள்ள ஏறி உக்காந்துட்டாங்க.

"என்னாடி எழுதிருக்குது? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிடி"ன்னு மாமா கேட்டுக்கினே இருந்தார்.