சகலைக்குப் போட்டியாகப் போட்ட ஜாமீன் கையெழுத்து

தம்போய் வட்டாரத்தில் கம்பெனி நடத்திய என் மைத்துனர், வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட முதலில் என் சகலையைத்தான் கேட்டார். சகலைக்குச் சிங்கப்பூரில் வேலை என்று எல்லாரும் அவரையே கொண்டாடுவது எனக்குப் பொறுக்காது. "படிச்சிட்டு சொல்றேன்" என்று அவர் தயங்கினார்.

"ஏன் மச்சான், நான் உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டு, நான் படிக்காமலே கையெழுத்திட்டேன்.

மைத்துனர் கம்பெனியை மூடியதும், கடனைக் கட்டச் சொல்லி வங்கிக் கடிதம் என் பெயருக்கு வந்தது.

"கம்பெனி கடன்தானே சார்?" என்று லாயரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்க சொந்தப் பொறுப்புல ஜாமீன் போட்டிருக்கீங்க. படிக்கலன்னு சொன்னா கோர்ட்ல எடுபடாது லா" என்றார் லாயர்.

மாசாயில் இருந்த என் வீட்டை விற்றுக் கடனைக் கட்டினேன். சகலையின் வீட்டைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் இப்போது யார் தாளை நீட்டினாலும், "லாயர்கிட்ட காட்டிட்டு வரேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.