பத்து ரூபாய் நோட்டின் படமும் கொக்கிலமேடு வரை ஓர் ஓட்டமும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்கு இரண்டு கேள்விகள் வந்தன. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் நாணயம் சேகரிப்பவர். ரூபாய் நோட்டுகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் சட்டத் தொந்தரவு வருமா என்பது அவர் கவலை. இரண்டு பேருக்கும் நான் சொல்லக்கூடியது ஒரே கதைதான். 1974-ல் ஒரு சனிக்கிழமை அதே வழியில் போய் அதே நாளில் திரும்பினேன். போன காரணமும் ஒரு நோட்டின் படம்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். பல நாட்டுப் பணத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு சிறிய புத்தகம் எழுதியிருந்தேன். படமில்லாமல் அப்படி ஒரு புத்தகம் போட்டு என்ன பயன்? ஆனால் எந்தப் படத்தைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. எட்டு நாடுகளுக்குக் கடிதம் எழுதினேன். வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அமெரிக்காவில் பாடப் புத்தகத்துக்கு நோட்டின் படத்தைப் போடலாமாம். ஆனால் கறுப்பு வெள்ளையில்தான். நீள அகலம் அசலில் முக்கால் பங்குக்குக் குறைவாகவோ ஒன்றரை மடங்குக்கு மேலாகவோ இருக்க வேண்டும். அச்சடித்து முடித்ததும் தகட்டை அழித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அங்கே நோட்டின் சித்திரத்துக்கும் படைப்புரிமை உண்டு, நாணயத்தின் சித்திரத்துக்கும் உரிமை உண்டு. இன்னொரு நாட்டிலிருந்து நான்கு முத்திரை குத்திய நீளமான கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த நாட்டையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த நான் ஒரே ஒரு நாட்டைக் கேட்கவில்லை. அது நம் நாடு. நம்முடைய பணம்தானே என்று ஒரு எண்ணம். புத்தகத்தின் முதல் பக்கத்துக்காக ஒரு பத்து ரூபாய் நோட்டை அட்டையில் ஒட்டி, ஓரத்தில் என் கையாலேயே ‘அசல் அளவு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

படங்களுக்கு பிளாக் செய்யும் வேலையைச் செங்கல்பட்டில் தனசேகர் என்பவரிடம் கொடுத்திருந்தோம். பிளாக் என்றால், படத்தை அமிலத்தால் செதுக்கிய துத்தநாகத் தகடு. கட்டையில் அறைந்து அச்சில் பூட்டுவார்கள். சென்னையை விடக் கூலி குறைவு, வேலை சுத்தம். அந்தச் சனிக்கிழமை என் திட்டம் இதுதான்: காலையில் புரூஃப், அதாவது சோதனை அச்சு, பார்ப்பது, மத்தியானம் மகாபலிபுரம் போய்க் கடலைப் பார்ப்பது, ஏழு மணிக்குள் வீடு. படங்களுக்குக் கீழே நன்றி வரிகள் சேர்க்க வேண்டியிருந்ததால் வெளிநாட்டுக் கடிதங்கள் அடங்கிய ஃபைலையும் எடுத்துக்கொண்டேன்.

எழும்பூரில் ஆறு நாற்பதுக்கு ரயில். செங்கல்பட்டுக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது காசு. தாம்பரம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு பெண் கூடை நிறைய முருங்கைக்காயோடு ஏறி, என் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்கு முன்னால் கொளவாய் ஏரி ரயிலோடு கூடவே வரும். போகிறவர்கள் இடது பக்கம், வலது பக்கம் என்று யோசிக்காமல் வாசல் பக்கம் வந்து நின்றுவிடுங்கள். எட்டு ஐந்துக்கு இறங்கினேன்.

தனசேகரின் பட்டறை பூட்டியிருந்தது. பின்னாலேயே வீடு. அவர் மனைவி சகுந்தலா கதவைப் பாதி திறந்து, என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“டீச்சரு, நீ ஏன் வந்த? உன்னியும் புட்ச்சிக்கினு போய்டப் போறாங்க!”

“யார்? என்ன ஆச்சு?”

“போலீசு. நோட்டு அடிக்கிறாருன்னு எவனோ வத்தி வச்சிட்டான்.”

அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கோத்துச் சொல்கிறேன். வியாழக்கிழமை தனசேகர் பத்து ரூபாய் பிளாக்கைச் செய்து, கறுப்பு மையில் ஒரு புரூஃப் எடுத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். பேப்பர் விற்க வந்த ஏஜண்டு ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது கடைத்தெருவில் வாய்க்கு வாய் மாறி, சாயங்காலத்துக்குள் ‘கட்டுக் கட்டாக நோட்டு’ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை கான்ஸ்டபிள் வந்தபோது தனசேகர் டீக்கடையில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் பின்வழியாக வந்து, பிளாக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டார். கான்ஸ்டபிள் கையில் புரூஃப் மட்டும்தான் கிடைத்தது.

“யாரு குட்த்த வேலன்னு கேட்டாங்க. எனக்கு இன்னா தெரியும்னுட்டேன். அவரு சொல்ட்டுப் போனாரு, டீச்சரு பேர இழுக்காத, பொம்பளப் புள்ள, வேல போய்டும்னு.”

சகுந்தலா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ‘அசல் அளவு’ என்று எழுதியது என் கை. அதை மறைக்க ஒரு மனுஷர் ஊரை விட்டு ஓடியிருக்கிறார்.

“இப்போது எங்கே இருக்கிறார்?”

தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகாபலிபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேடு குப்பம். அங்கே காசி என்று மீன் வியாபாரி, தனசேகரின் பழைய கூட்டாளி. அவர் வீட்டில் இருக்கிறார். “இன்னிக்கு ராவுக்குக் கட்டுமரத்துல போயி அத்தக் கடல்ல போட்டுட்டு வந்துர்றேன்னு சொல்லிக்கினு இருந்தாரு.”

பஸ் ஒன்பது முப்பதுக்கு. மகாபலிபுரத்துக்கு முப்பது கிலோமீட்டர், ஒரு ரூபாய் பத்து காசு. வழியில் திருக்கழுக்குன்றம். கழுகைப் பார்க்க அங்கே பாதி பஸ் இறங்கியது. நான் இறங்காததைப் பார்த்துக் கண்டக்டர் கேட்டார்: “இன்னாம்மா, கழுகு பாக்கலியா? இன்னிக்கு வரும்.”

“அவசர வேலை.”

“மாபலிபுரத்துல இன்னா அவசரம்? கல்லு ஓடியா போய்டும்?” என்று சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார்.

பத்து முக்காலுக்கு இறங்கினேன். கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு, ஐந்து ரதம் எல்லாம் அன்றைக்கு எனக்குத் திசை காட்டும் அடையாளங்கள்தான். ரதங்களைத் தாண்டித் தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டர், சவுக்குத்தோப்பு ஓரமாக மணலில் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் வேகமாக நடக்கலாம். வெயில் ஏறியபிறகு அதுவும் முடியாது. இது அனுபவத்தில் சொல்வது.

குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் காசி வீடு எது என்று கேட்டேன். அவர்தான் காசி. எழுந்திருக்கவே இல்லை.

“நீ யாரும்மா? ஸ்டேஷன்லேந்து வர்றியா?”

“இல்லை. அந்த நோட்டுப் படத்தைக் கொடுத்ததே நான்தான்.”

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தோப்புப் பக்கம் திரும்பி, “அண்ணாத்த! உன் டீச்சரு வந்துக்கீது!” என்று கத்தினார்.

தனசேகர் சவுக்கு மரத்தடியில் துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வெட்கப்பட்ட மாதிரி சட்டையைச் சரிசெய்தார்.

“நீங்க இன்னாத்துக்கு டீச்சர் வந்தீங்க? இத்த கடல்ல போட்டுட்டா வேல முடிஞ்சிது. கட்ட இல்லன்னா கேசு ஏது?”

“கட்டை இல்லையென்றால் அதை வைத்து நீங்கள் ஆயிரம் நோட்டு அடித்தீர்கள் என்று சொல்லலாமே. அடிக்கவில்லை என்று எதைக் காட்டுவீர்கள்?”

நான் ஃபைலைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எட்டு நாடுகளைக் கேட்டேன், நம் நாட்டைக் கேட்க மறந்தது என் தப்பு, அதை ஸ்டேஷனில் நானே சொல்கிறேன் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

காசிதான் முடித்து வைத்தார். “ரெண்டு பேரும் அழுவாதீங்க. அண்ணாத்த, அது பொம்பள, இம்மாந்தூரம் மணல்ல நடந்து வந்துக்கீது. நீ இன்னாடான்னா குந்திக்கினு கீற. எய்ந்து போ.”

காசியின் வீட்டில் சுடச்சுடச் சோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டார்கள். நான் மீன் சாப்பிட மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரை மணி பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் துண்டு மூட்டை அவர் மடியில், ஃபைல் என் மடியில்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஐம்பதை ஒட்டிய மனிதர். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கடிதங்களைப் படித்தார். பிறகு பிளாக்கைக் கையில் எடுத்தார்.

“இந்தக் கட்டைக்கு ரெண்டு சட்டம் கீதும்மா. நோட்டு மாதிரி ஒரு காகிதம் அடிச்சா நூறு ரூபா அபராதம். அதே, கள்ள நோட்டு அடிக்கிற சாமானுன்னு ஆயிட்டா பத்து வருஷம், இல்ல ஆயுசுக்கும் உள்ள. பொருள் ஒண்ணுதான். எதுக்கு செஞ்சேன்றதுதான் வித்தியாசம்.”

பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் தகட்டைப் பார்த்தார். ஒரு பக்கம்தான் இருக்கிறது, பின்பக்கம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டார். “எல்லாம் புள்ளி புள்ளியா கீது. இத்த வச்சி நோட்டு அடிச்சா கண்ணு தெரியாதவன்கூட வாங்க மாட்டான். வேல அவ்ளோ மட்டம்” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் தனசேகர் நிமிர்ந்துவிட்டார்.

“மட்டம் இல்ல சார். புஸ்தகப் பேப்பரு மட்டமான பேப்பரு, அதுக்கு இந்தப் பெரிய புள்ளி போதும்னு போட்டேன். சொன்னா இத்தவிட நைசா—”

நான் அவர் காலை மிதித்தேன். இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை இறக்கி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அவர் மீசைக்குள் சிரித்ததைப் பார்த்தேன்.

“உன் வாய்தான்யா உன்னிய உள்ள தள்ளும், கட்ட இல்ல” என்றார்.

எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். பெயர், பள்ளி, விலாசம் எல்லாம். பிளாக்கை வைத்துக்கொண்டார். மேலே ரிப்போர்ட் அனுப்பவேண்டும், கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஆறு பத்து ரயிலைப் பிடித்தேன். அன்றைக்குக் கடலை நின்று பார்க்கவே இல்லை.

அடுத்த இரண்டு மாதம் தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுவேன். தலைமை ஆசிரியையிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கான பிளாக் வேலை முழுவதையும் தனசேகருக்குக் கொடுங்கள் என்றார். அது பெரிய உதவி. ஏனென்றால் கடைத்தெரு அவரிடம் வருவதை நிறுத்தியிருந்தது. கல்யாணப் பத்திரிகைகூட வேறு பட்டறைக்குப் போனது. கடைசியில், மேல்நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரிக் காகிதம் வந்தது. பிளாக்கைத் தனசேகரே ஸ்டேஷனில் வைத்து உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கொடுத்தார். தன் கைவேலையைத் தானே கீறுவது எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கேட்டவர்களுக்கு வருகிறேன். அதே வழியில் இன்றும் ஒரே நாளில் போய்வரலாம். எழும்பூரிலிருந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். செங்கல்பட்டிலிருந்து பஸ் ஒரு மணி நேரம். நடக்கத் தண்ணீரும் தொப்பியும் வேண்டும். அறுவடைக் காலமென்றால் செங்கல்பட்டுக்குத் தெற்கே படாளம் வரை போய் வயல்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். நோட்டுப் படம் விஷயத்தில், ஒரு நாட்டின் விதி அடுத்த நாட்டுக்குப் பொருந்தாது. சில இடங்களில் அது படைப்புரிமைச் சங்கதி, சில இடங்களில் கள்ள நோட்டுச் சங்கதி, சில இடங்களில் இரண்டும். நாணயத்தின் படத்துக்குப் பொதுவாகக் கெடுபிடி குறைவு. ஆனாலும் சித்திரம் யாருடையது என்று பாருங்கள். நோட்டென்றால் அசல் அளவில் போடாதீர்கள், இரண்டு பக்கமும் போடாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த நாட்டு மத்திய வங்கியின் பக்கத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். முதலில் சொந்த ஊரைக் கேளுங்கள்.

புத்தகம் மறுவருடம் வெளிவந்தது. இந்தியாவுக்கான முதல் பக்கத்தில் படத்துக்குப் பதில் வெறும் பெட்டி. அது தனசேகர் யோசனை: “பொட்டிய வெறுமனா வுடுங்க டீச்சர். புள்ளைங்க வூட்ல பத்து ரூவா வாங்கி அதுல வச்சிப் பாத்துக்கும்.” எனக்குப் பிடித்துப்போயிற்று. சரியாக நோட்டின் அளவுக்குக் கோடு போட்டோம். வெறும் கோட்டுக்கு எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது.

ஆறேழு மாதம் கழித்து மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. நான்காம் வகுப்புப் பெண். எல்லாப் பக்கமும் படித்தாளாம், பிடித்திருந்ததாம். கடைசி வரி: ‘எங்கள் வீட்டில் பத்து ரூபாய் இருக்கும் அன்றைக்கு முதல் பக்கத்தைப் பார்ப்பேன்.’

கார்டை எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே செங்கல்பட்டு போனேன். தனசேகர் இரண்டு தடவை படித்தார். இரண்டாம் பதிப்பில் அந்தப் பெட்டியைச் சின்னதாக்கி, ஐந்து பைசா வைக்கிற அளவுக்குச் செய்தோம். அந்தக் காலத்து ஐந்து பைசா சதுரம். கோடு போட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.