சல்மா தைக்க மறுத்த நீலம்

கையால் தைத்ததை மேசை போட்டு விற்றுப் பார்த்த உங்களுக்குத் தெரியும்: ஊசி குத்துவது கொஞ்சம், மிச்சத்தை வாங்க வருகிறவர்கள் குத்துவார்கள்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சல்மாவும் நானும் குஷன் உறைகள் விற்கிறோம். சல்மா சினாய்ப் பாலைவனத்துப் பெதூயின் பெண். பூவேலை அவளுடையது. இங்கிலீஷில் சண்டை பிடிப்பது நான். ஊரில் கொன்வென்ற் சிஸ்டர்மார் தையலும் படிப்பித்தார்கள்தான், எனக்கு வாய்தான் தேறியது.

பின்பக்கம்

யூனியன்வில்லில் இருந்து வந்த ஒருத்தி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் போலவே பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. ஊசி குத்திய சல்மாவின் விரல் நுனிகளைக் காட்டினேன். தலையில் என்னைவிட நரை கூடிய அந்த யூனியன்வில்காரி சொன்னாள்: "உது மெஷின் தையல்தானே, அன்ரி?"

சோபாவின் நிறம்

மிசிசாகாவில் புது வீடு வாங்கிய ஒரு மனுசி சோபா முழுவதுக்கும் நீலப் பூவேலை கேட்டாள். சல்மாவின் பேஸ்மென்ட் வாடகைக்கு அந்தக் காசு போதும். சல்மா மாட்டேன் என்றாள். பெதூயின்களில் கலியாணம் முடித்தவளுக்குச் சிவப்பு நூல். நீலம் குமரிகளுக்கும் விதவைகளுக்கும். சல்மாவின் புருஷனை அங்கே படைக்காரர் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு செய்தியே இல்லை. "உடுப்பில்லையே, வெறும் குஷன்தானே" என்று எரிந்து விழுந்தேன். "தைக்கிறது என்ர கைதானே" என்றாள் தன் அரைகுறை இங்கிலீஷில்.

பக்கத்து மேசை

பக்கத்தில் இறைச்சி ரோல்ஸ் விற்கும் புஷ்பம் அக்காவிடம், நீங்களாவது புத்தி சொல்லுங்கோ என்றேன். அவருடைய புருஷனும் ஊரில் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். சல்மாவின் சட்டையில் சிவப்பு நூல் போட்ட கையோரத்தைப் பார்த்தார். "விடும் பிள்ளை. நானும் பொட்டு வைச்சுக்கொண்டுதானே ரோல்ஸ் விக்கிறன்."

பேஸ்மென்ட்

பிறகு சல்மா வரவில்லை. தேடிப் போனேன். சினாயில் இருந்து அவள் மச்சான் போன் எடுத்தாராம், புருஷனின் உடலைக் கொடுத்துவிட்டார்களாம். துக்கம் முடியும்வரை வெளியே வரமாட்டாள். அவளே கேட்டாள்: "அந்த மனுசிக்கு இன்னும் நீலம் வேணுமாமோ?"

ஒப்படைத்த நாள்

மிசிசாகா மனுசி உறைகளைப் போனில் இருந்த சோபாப் படத்தோடு ஒட்டிப் பார்த்தாள். திருப்தி. "மனம் வைச்சால் செய்யலாம்தானே. ஏன் உவ இவ்வளவு நாளும் இழுத்தடிச்சவ?"

நான் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொடுத்து, வாங்கினதுக்கு நன்றியும் சொன்னேன். நிறம் சோபாவுக்குப் பொருந்திவிட்டால் எங்கள் தொழிலில் அது நல்ல வியாபாரம்.